மஹாபொல சல்லிக்கு முன்னால்: எங்கட கரையில் படிப்புக்குக் காசு வந்த வழிகள்

2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல புலமைப்பரிசில் 5,000 ரூபாவில் இருந்து 7,500 ரூபாவாகக் கூட்டப்பட்டது. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 250 ரூபா. கம்பஸ் பிள்ளைகளுக்குச் சேமிப்புச் சொல்லித்தருகிற வீடியோக்கள் இந்த 250 ரூபாவில் இருந்துதான் தொடங்க வேணும். ஆனா அவை பெரும்பாலும் 50-30-20 என்ற கணக்கில் தொடங்குகின்றன. வருமானத்தில் 50 வீதம் தேவைக்கு, 30 வீதம் ஆசைக்கு, 20 வீதம் சேமிப்புக்கு.

இந்தக் கணக்கைப் பிரபலமாக்கியவர் எலிசபெத் வொரன், பிறகு அமெரிக்க செனட்டரானவர். தன் மகளோடு சேர்ந்து 2005 இல் வெளியிட்ட புத்தகத்தில், சம்பளம் எடுக்கிற அமெரிக்கக் குடும்பங்களுக்காக அதைச் சொன்னார். எங்கட 250 ரூபாவில் 30 வீதம் என்றால் 75 ரூபா. நாளைக்கு 75 ரூபாவில் என்ன ஆசைப்படலாம் என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அந்தக் கணக்குப் பிழை என்று சொல்ல வரல்ல. அது தனி ஆளைப் பார்த்துச் சொன்ன கணக்கு: உன் சம்பளம், உன் செலவு, உன் சேமிப்பு. கல்முனைக் கரையில் ஒரு பிள்ளை மேல்படிப்புக்குப் போனபோது, அந்தப் படிப்புக்கான சல்லி ஒரு ஆளின் சேமிப்பாக மட்டும் இருந்தது குறைவு. யாரோ சேர்த்தார்கள், யாருக்கோ கொடுத்தார்கள். யார் சேர்த்தார்கள், எதில் சேர்த்தார்கள், அது யாருக்குப் போனது என்ற மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு எங்கட ஊரின் கதையைப் பார்த்தால், இன்றைக்கு நாங்க போடவேண்டிய பட்ஜெட்டும் கொஞ்சம் தெளிவாகும்.

விதைநெல் முதலில்

மருதமுனையில் கைத்தறி, கடலோரத்தில் மீன், ஊர் நடுவே கடைகள் என்று தொழில்கள் பல இருந்தாலும், கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் செல்வம் என்றால் பழைய காலத்தில் வயல்தான். வெள்ளாமை வருஷத்துக்கு இரண்டு போகம். அதாவது வருமானமும் வருஷத்துக்கு இரண்டு தடவைதான். மாதச் சம்பளம் என்ற எண்ணமே இல்லாத ஒரு வாழ்க்கை. அறுவடை முடிந்த கையோட கடன் கொடுப்பார்கள், கலியாணம் வைப்பார்கள், வீட்டுக்குக் கூரை போடுவார்கள். அடுத்த வெட்டு வரும்வரைக்கும் வீட்டில் கிடக்கிற நெல்தான் வங்கி.

இப்படி வாழ்ந்தவர்களுக்கு பட்ஜெட் தெரியாது என்று நினைக்கக் கூடாது. நெல் வீட்டுக்கு வரும்போதே அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அடுத்த போகத்துக்கான விதைநெல் தனியே போகும். அதில் யாரும் கை வைப்பதில்லை. விளைச்சலுக்கான ஸகாத் இருக்கிறது: மழையை நம்பி விளைந்தால் பத்தில் ஒன்று, செலவழித்து நீர்ப் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒன்று. வயலுக்குப் பட்ட கடன், கூலி, அதற்குப் பிறகுதான் வீட்டுச் செலவு. செலவழித்து மிஞ்சியதைச் சேமிப்பது என்ற முறை இங்கே இருக்கவே இல்லை. எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வைத்த பிறகு மிஞ்சியதைத்தான் செலவழித்தார்கள்.

வீட்டுக்குள்ளே உம்மாமார் செய்த வேலை இன்னும் சின்னது, ஆனா விடாமல் நடந்தது. உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு பாத்திரத்தில் போடுவது. பிடியரிசி. ஒரு வீட்டில் அது ஒரு பிடிதான். ஊர் முழுக்கச் சேர்ந்தால் ஒரு பள்ளிவாசலுக்கோ ஒரு மத்ரசாவுக்கோ போதும். முஸ்லிம் ஊர்களில் மட்டும் இல்ல, தமிழ் ஊர்களிலும் பள்ளிக்கூடம், கோவில் என்று பொதுக் காரியங்களுக்கு இதே வழியில் அரிசி சேர்ந்திருக்கிறது. சேமிப்பு என்பதை ஒரு பழக்கமாகவும், ஒரு ஊரின் நிதியாகவும் ஒரே நேரத்தில் வைத்திருந்த முறை இது.

1942: கல்முனைக் கச்சேரி

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 இல் திருகோணமலை. அதற்கு முன்பே பர்மா ஜப்பானியரிடம் விழுந்துகொண்டிருந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும் பங்கு வெளியில் இருந்து வந்தது. அது இல்லை என்றால் உள்நாட்டில் விளைவிக்க வேண்டும். விளைவிக்க நிலம் எங்கே? கிழக்கில்.

அப்படித்தான் அந்த ஏப்ரலில் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாக உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். 1935 இல் இலங்கைச் சிவில் சேவைக்குள் போன முதல் முஸ்லிம். அவருக்கு அப்போது வயது 30 தான் கடந்திருந்தது. உணவு உற்பத்தியைக் கூட்டுவதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. காடாகக் கிடந்த நிலத்தை விவசாயிகள் கையில் கொடுத்து வெள்ளாமை செய்ய வைத்தார். ‘அஸீஸ் துரைக் கண்டம்’ என்று ஒரு வயற்கண்டத்துக்கே பெயர் வைத்து மக்கள் அவரை ஞாபகம் வைத்தார்கள்.

அவர் இங்கே கண்ட இன்னொரு விஷயம்தான் எங்கட கட்டுரைக்கு முக்கியம். நெல் விளைகிற பூமி, பாடுபடுகிற மக்கள், ஆனா படித்துக் கொழும்புவரை போகிற பிள்ளைகள் மிகக் குறைவு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவருக்கு நட்பு ஏற்பட்டதும் இந்தக் காலத்தில்தான். விபுலாநந்தர் பல பள்ளிக்கூடங்களை நடத்திக் காட்டியவர், ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு ஊர் என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்.

1942 இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அஸீஸ் தொடங்கினார். வசதி உள்ளவர்களிடம் திரட்டி, கெட்டித்தனம் இருந்தும் வசதி இல்லாத பிள்ளைகளைப் படிக்க வைப்பது நோக்கம். திகதியைக் கவனியுங்க. இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியதும் அதே 1942 தான், ஜூலை மாதம். நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் பிறந்த வருஷத்தில், அதில் இருந்து மிகத் தூரத்தில் இருந்த ஒரு கரையோர ஊர், தன் பிள்ளைகளின் படிப்புக்கு நிதி சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. அதுவும் அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில். நல்ல காலம் வரட்டும், பிறகு சேமிக்கலாம் என்று அந்த ஆட்கள் காத்திருக்கல்ல.

1945: ஃபீஸ் இல்லை, ஆனா சோறு?

1944 இன் தொடக்கத்தோடு அஸீஸ் கல்முனையை விட்டுப் போனார். சங்கத்தின் யோசனையையும் கூடவே கொண்டுபோனார். 1945 மே மாதம் கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கியது. கல்முனையில் ஒரு பிரதேசத்துக்காகச் செய்ததை முழு நாட்டுக்கும் விரித்த முயற்சி அது. முஸ்லிம் மாணவர் யாரும் வறுமையால் உயர்கல்வியை இழக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

அதே வருஷம் ஒக்டோபரில் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பில் இருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. நாங்க இன்றைக்குக் கம்பஸில் இருக்கிறோம் என்றால் அதற்கு முதல் காரணம் அதுதான்.

கல்வி இலவசமாகப் போகிற நேரத்தில் எதற்கு இன்னொரு நிதி என்று கேட்கலாம். பதில் எந்தக் கம்பஸ் பிள்ளைக்கும் தெரியும். இலவசமானது படிப்பிப்பது மட்டும்தான். சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு, புத்தகம், பயணம் எதுவும் இலவசமாகல்ல. ஒரு பிள்ளை கொழும்புக்குப் போனால் வயலில் இரண்டு கை குறையும். அந்த இழப்பையும் குடும்பம்தான் தாங்க வேணும். கட்டணம் என்பது செலவின் ஒரு துண்டு மட்டும்தான் என்பதை அந்தக் காலத்து ஆட்கள் விளங்கியிருந்தார்கள். ஒரு மாணவரின் பட்ஜெட்டைப் பற்றி யோசித்த முதல் ஆட்கள் என்று நாங்க அவர்களைத்தான் சொல்லுவோம்.

அஸீஸ் 1948 இல் சிவில் சேவையை விட்டு விலகி, 1892 இல் தொடங்கிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபரானார். சம்பளமும் அதிகாரமும் உள்ள வேலையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவது அன்றைக்கும் இன்றைக்கும் அதிசயம்தான். அடுத்த வருஷம், 1949 இல், கல்முனையில் ஸாஹிரா வந்தது. எங்களில் எத்தனையோ பேரின் வாப்பாமாரும் நானாமாரும் படித்த பள்ளிக்கூடம்.

வங்கி இருந்தது, ஆனா வட்டியும் இருந்தது

இவ்வளவு கதையிலும் வங்கி வரவே இல்லை என்று கவனித்திருப்பீங்க. வங்கி இல்லாமல் இல்ல. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832 இலும், தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி 1885 இலும் வந்துவிட்டன. சின்னச் சல்லிக்காரரைச் சேமிக்கப் பழக்குவதுதான் அவற்றின் நோக்கமே. இரண்டும் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒன்றாகி, 1972 இல் தேசிய சேமிப்பு வங்கியாக இயங்கத் தொடங்கின.

முஸ்லிம் ஊர்களில் வட்டி ஒரு தடை. சிலர் வங்கிப் பக்கம் போகல்ல. சிலர் கணக்கு வைத்துக்கொண்டு வட்டியை எடுக்காமல் விட்டார்கள், அல்லது நன்மை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களின் சல்லி வயலிலும் நகையிலும் வீட்டிலும் சீட்டிலும்தான் இருந்தது.

இது எங்கட கரையின் பிரச்சினை மட்டும் இல்ல. எகிப்தின் நைல் டெல்டாவில் மித் கம்ர் என்ற சின்ன ஊர். அங்கேயும் விவசாயிகள் வங்கிக்குப் போக மாட்டார்கள். ஜேர்மனியில் படித்துவிட்டு வந்த அஹ்மத் அந்நஜ்ஜார் என்ற பொருளியலாளர், ஜேர்மனியின் ஊர்ச் சேமிப்பு வங்கிகளைப் பார்த்த அனுபவத்தில், வட்டி இல்லாத ஒரு சேமிப்பு வங்கியை 1963 இல் அங்கே தொடங்கினார். 1967 இல் அது தன் வடிவத்தை இழந்தாலும், இன்றைய இஸ்லாமிய வங்கிகளின் கதையைச் சொல்கிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதே 1963 இல் மலேசியாவில் ஹஜ்ஜுக்குச் சேமிக்கும் நிதி தொடங்கியது. கம்பத்து மக்கள் ஹஜ்ஜுக்காக மாட்டையும் நிலத்தையும் விற்பதையும், சல்லியை வீட்டிலே ஒளித்துவைப்பதையும் கண்ட உங்கு அஸீஸ் என்ற பொருளியல் பேராசிரியர் 1959 இல் எழுதிய யோசனை அது. சின்னச் சின்னத் தொகையாகப் போடு, நாங்க சேர்த்து முதலிடுகிறோம், இலாபத்தில் பங்கு தருகிறோம் என்பதே வழி.

இலங்கைக்கு இது வரப் பல வருஷம் எடுத்தது. அமானா முதலீட்டு நிறுவனம் 1997 இல் வந்தது. வட்டியில்லா முறையில் மட்டும் இயங்கும் முழு வர்த்தக வங்கியாக அமானா வங்கி தொடங்கியது 2011 இல். ஆக, எங்கட உம்மும்மாவுக்கு இல்லாத ஒரு தெரிவு எங்களுக்கு இருக்கிறது. வட்டியைக் காரணம் காட்டி எதுவும் சேமிக்காமல் இருக்க எங்கட தலைமுறைக்குக் காரணம் குறைவு.

வீடு, நகை, கடல்

குடும்பத்தின் சேமிப்பு எங்கே போனது என்று கேட்டால், இந்தக் கரையில் ஒரே பதில் வரும்: மகளின் வீடு. கலியாணத்தோடு மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் இங்கே முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான வழக்கம். 1969 இல் இருந்து அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காக உம்மாவும் வாப்பாவும் இன்னொரு வீடு கட்டத் தொடங்குவார்கள்.

இதில் நல்லதும் இருக்கிறது. சொத்து பெண்ணின் பெயரில் இருக்கிறது, கலியாணத்துக்குப் பிறகும் அவள் தன் ஆட்களோடு இருக்கிறாள். ஆனா மூன்று மகள்மார் உள்ள ஒரு வாப்பாவின் வாழ்நாள் உழைப்பு மூன்று சுவருக்குள்ளே போய்விடுகிறது. இன்றைக்கு எங்கட கலைப்பீட வகுப்புகளில் பெண்பிள்ளைகள்தான் கூட. வீட்டில் ஒரு தொகை இருந்தால் அது சுவர் எழுப்பப் போகிறதா, மகள் படித்து முடிக்கப் போகிறதா என்ற கேள்வி வெளியே பேசப்படுவது இல்லை. ஆனா நிறைய வீடுகளில் அது இருக்கிறது.

2004 டிசம்பர் 26 இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டது. சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையில் இருந்து சாய்ந்தமருது வரை, கடலோரத்தில் இருந்த வீடுகளோடு அலுமாரியில் இருந்த நகையும், பெட்டியில் இருந்த சல்லியும், மகளுக்கென்று கட்டிவைத்த சுவரும் போனது. உயிர்களுக்கு முன்னால் சல்லியைப் பற்றிப் பேசுவது சரியில்லைதான். ஆனாலும் அந்தக் கரையில் மீண்டவர்களிடம் எஞ்சியிருந்த சொத்துகளில் ஒன்று படிப்பு என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் வைப்பதன் ஆபத்தை எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடக் கடுமையாகச் சொல்லல்ல.

லொத்தர் டிக்கெட்டும் 250 ரூபாவும்

மஹாபொல நம்பிக்கை நிதியம் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் யோசனை. ஊர் ஊராக நடந்த மஹாபொல சந்தைகளில் கிடைத்த வருமானத்தை உயர்கல்விக்குக் கொடுப்பதில் தொடங்கிய விஷயம். பிறகு அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபத்தில் பாதி இந்த நிதிக்கு வரத் தொடங்கியது. அரசும் தன் பங்கைப் போடுகிறது.

ஆக, நாங்க எடுக்கிற மஹாபொலயில் ஒரு பங்கு, பஸ் நிலையத்தில் டிக்கெட் வாங்கிய யாரோ ஒரு கூலித் தொழிலாளியின், ஒரு ஓட்டோக்காரரின் சல்லி. அந்த மூலத்தைப் பற்றி முஸ்லிம் மாணவர்களுக்குள்ளே வாதம் இருக்கிறது. அதற்குத் தீர்ப்புச் சொல்கிற தகுதி எங்களுக்கு இல்லை, உலமாக்களிடம் கேளுங்க. ஒன்று மட்டும் தெளிவு: இந்தச் சல்லி வானத்தில் இருந்து வரல்ல. எங்களைவிட வசதி குறைந்த ஆட்களின் கையில் இருந்து வந்திருக்கலாம். கல்முனையில் 1942 இல் வசதி உள்ளவர் கொடுக்க, இல்லாதவர் படித்தார். இங்கே சில நேரம் அது தலைகீழாக நடக்கிறது.

பல்கலைக்கழகமும் பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. யுத்தத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாமல் போன மாணவர்களின் நிலைமையைக் காட்டி, எம். எச். எம். அஷ்ரஃப் எடுத்த முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1996 இல் முழுப் பல்கலைக்கழகமானது. ஒலுவில் வளாகத்துக்குக் கல்முனையில் இருந்து பஸ்ஸில் போய்வரலாம். அரசியலாக அதைப் பற்றி ஆயிரம் பேசலாம். பட்ஜெட்டாகப் பார்த்தால், எத்தனையோ குடும்பங்களுக்கு வாடகையும் கடைச் சாப்பாடும் மிச்சமானது. அந்த மிச்சத்தால்தான் பல பெண்பிள்ளைகள் பட்டதாரிகளானார்கள்.

2022 சொல்லித்தந்த கணக்கு

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதற்கு அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 அளவில் நின்றது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுக்கு மட்டும் 94.9 வீதம்.

இதை மாணவர் பாசையில் சொல்லுவோம். 2021 செப்டம்பரில் 1,000 ரூபாவை உண்டியலில் போட்ட ஒருவர் ஒரு வருஷம் கழித்து உடைத்தால், அதில் பழைய விலையில் 589 ரூபாவுக்கான சாமான்தான் வாங்கலாம். அவர் ஒரு சதமும் செலவழிக்கல்ல, ஆனா 411 ரூபா போயிட்டு. மஹாபொல அப்போது 5,000. அதே ஒரு வருஷ விலையேற்றத்துக்கு மட்டும் ஈடுகட்ட அது 8,490 ஆகியிருக்க வேணும். கூட்டியது 2025 இல். கூட்டிய பிறகும் 7,500.

சீட்டிலும் இதே கதை. பத்துப் பேர் மாதம் 1,000 போட்டால் முதல் மாதம் எடுத்தவருக்கும் பத்தாம் மாதம் எடுத்தவருக்கும் கிடைப்பது 10,000 தான். ஆனா விலை ஏறுகிற வருஷத்தில் கடைசி ஆளின் 10,000 சின்னது. வட்டி இல்லை என்பதால் சீட்டில் நட்டம் இல்லை என்று நினைப்போம். நட்டம் இருக்கிறது, அது கடைசியில் நிற்கிற ஆளின் தலையில் விழுகிறது. நெல்லும் நகையும் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள், டொலரோடு தங்கத்தின் ரூபா விலையும் ஏறியது. அந்தக் காலத்து ஆட்கள் காசை நம்பாமல் பொருளை நம்பியதில் ஒரு அறிவு இருந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஏமாற்றுக்காரர் நுழைகிறார்கள். காசு கரைகிறது என்ற பயம் இருக்கிற பிள்ளையிடம் வந்து, மூன்று பேரைச் சேர்த்தால் வாரத்துக்கு இவ்வளவு என்பார்கள். இலங்கையில் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் கீழ் குற்றம். நடத்துவது மட்டும் இல்ல, அதில் ஆள் சேர்ப்பதும் குற்றம். 2008 இல் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது அதில் வைப்பிட்டிருந்தவர்கள் படித்தவர்களும் வசதியானவர்களும்தான். அனுமதி பெற்ற வங்கியில் சல்லி இருந்தால் வைப்புக் காப்புறுதி 11 இலட்சம் ரூபா வரை இருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் இருந்து வருகிற முதலீட்டுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை.

அப்ப நாங்க என்ன செய்யலாம்?

இவ்வளவையும் வாசித்துவிட்டு நாங்க நாலு விஷயத்தைப் பேசி வைத்திருக்கிறோம்.

ஒன்று, மாதக் கணக்கோடு போகக் கணக்கும் போடுவது. செமஸ்டர் தொடக்கத்தில் செலவு கூட, நடுவில் குறைவு, சோதனைக் காலத்தில் திரும்பக் கூட. வெள்ளாமைக்காரர் வருஷத்தைப் பார்த்தது போல, செமஸ்டர் முழுவதையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் எந்தக் கிழமையில் கை இறுகும் என்று தெரியும்.

இரண்டு, விதைநெல்லை முதலில் எடுத்து வைப்பது. 20 வீதம் எங்களுக்குச் சரிவராது. நாளைக்கு 10 ரூபா சரிவரும், மாதம் 300. தொகை சின்னதுதான், ஆனா அது சல்லி கைக்கு வந்த அன்றைக்கே போக வேணும். பழுதான போனைத் திருத்த, திடீரென்று ஊருக்குப் போக, கடன் கேட்காமல் இருக்க அது உதவும்.

மூன்று, படிக்கிற காலத்தில் பெரிய முதலீடு தேடி ஓடாமல் இருப்பது. மாதம் 300 ரூபா சேர்க்கிற ஆளுக்குப் பங்குச் சந்தை கொடுக்கிற இலாபத்தைவிட, ஒரு மொழியையோ ஒரு கணினி வேலையையோ ஒழுங்காகப் பழகுவது கொடுக்கிற வருமானம் கூட. பங்குச் சந்தையைப் பற்றிப் படியுங்க, ஒரு கம்பனியின் வருடாந்த அறிக்கையை எப்படி வாசிப்பது என்று பழகுங்க. சல்லி பிறகு போடலாம்.

நாலாவதுதான் 1942 இல் இருந்து நாங்க எடுத்தது. ஒரு பெச்சில் நூறு பேர் மாதம் 100 ரூபா போட்டால் மாதம் 10,000. ஆளுக்கு நாளைக்கு நாலு ரூபாவுக்கும் குறைவு. பத்து மாதத்தில் ஒரு இலட்சம். வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போன, வயல் அழிந்துபோன ஒரு பெச்மேட் படிப்பை விட நினைக்கிற மாதத்தில், அந்த நிதியில் இருந்து வட்டி இல்லாத கடன் கொடுக்கலாம். தமிழ், சிங்கள நண்பர்களும் சேர்ந்ததாக இருக்கட்டும். கணக்கில் இரண்டு பேரின் கையொப்பம், எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு கொப்பி, எடுத்தவரின் பெயர் வெளியே போகாத ஒழுங்கு. இவை இருந்தால் போதும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடங்க வேண்டாம், ஊரில் நம்பிக்கையில் தொடங்கிச் சண்டையில் முடிந்த சீட்டுகள் நிறைய இருக்கின்றன.

சிலர் கேட்பார்கள், 250 ரூபாவில் வாழ்கிறவனிடம் இன்னொருத்தனுக்குக் கொடு என்பது நியாயமா என்று. நியாயமான கேள்வி. மாணவர் உதவித்தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏற வேணும் என்று அரசிடம் கேட்பதை இந்த நிதி இல்லாமல் ஆக்கக் கூடாது. இரண்டும் வேணும். 1945 இல் இலவசக் கல்வியும் வந்தது, கல்விச் சகாய நிதியும் வந்தது. ஒன்று வந்ததால் மற்றது தேவையில்லை என்று அவர்கள் நினைக்கல்ல.

முதல் சம்பளம் எடுக்கிற மாதத்தில் நாங்க ஒரு கணக்குப் பார்க்க வேணும். நாலு வருஷத்தில் மஹாபொலயாகவோ, பர்சரியாகவோ, ஊர் ஆட்களின் உதவியாகவோ எவ்வளவு எடுத்தோம் என்று கூட்டி ஒரு தாளில் எழுதுவது. சட்டப்படி அதைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனா கல்முனையில் அடுத்த வருஷம் கம்பஸுக்குப் போகிற ஒரு பிள்ளைக்கு அதில் எவ்வளவைக் கொடுக்க முடியும் என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேணும்.